ரிப்பில் இருப்பது விற்றவர் பெயர்: பழைய ஆங்கிலேய ரெட்டைக்குழல் துப்பாக்கியின் ஊரும் வயதும்

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி, உரிமம் அப்பா பெயரில். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் ரிப் என்ற பட்டியில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. தோட்டாவை வெடிக்க வைக்கச் சுத்தி போல் விழும் குதிரைகள் இரண்டும் வெளியே தெரிகின்றன, திறப்பதற்கு மேலே ஒரு லீவர். குழலைக் கழற்றித் திருப்பினால் மகுடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு கோல்கள், ஒரு சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண், அதன் கீழே ஆங்கில எழுத்து சி, தனியே 13 என்று ஓர் எண். விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பின் வாலில் ஐந்து இலக்க எண். இணையத்தில் ஒருவர் 1860 என்றார், இன்னொருவர் 1920 என்றார், நீங்கள் குழம்பிப்போய்க் கேட்கிறீர்கள். கேள்வி உண்மையில் இரண்டு: எப்போது செய்தது, யார் செய்தது. முதலாவதற்கு உங்கள் விவரத்திலேயே பதில் இருக்கிறது. அந்தக் குழல்கள் 1887க்கும் 1904க்கும் இடையில் பர்மிங்ஹாமில் சோதனைக்குப் போய் வந்தவை. உங்களுக்குச் சொன்ன இருவர் கணக்கும் தப்பு. இரண்டாவது கேள்வி வேறு ரகம். விடை கிடைக்கலாம், கிடைக்காமலே போகலாம். ஏன் என்று சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் தேடலை ரிப்பில் இருக்கும் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன அந்தக் கடையின் பெயர் துப்பாக்கிகளிலும் உண்டு, ரைஃபிள்களிலும் உண்டு. அவை இங்கிலாந்தில் செய்து வாங்கி, தங்கள் பெயர் பொறித்து விற்றவை. கல்கத்தாவில் மான்டன், ஆர்.பி. ராடா, லயன் அண்ட் லயன் என்ற பெயர்களும் அப்படியே. இது இந்தியக் கடைகளின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம், இங்கிலாந்திலேயே அதுதான் வழக்கம். சிற்றூரில் இரும்புக்கடை வைத்திருந்தவர்கூட பர்மிங்ஹாமுக்கு எழுதிப் போட்டு, தன் பெயரும் ஊரும் பொறித்த துப்பாக்கியை வரவழைத்து விற்றார். லண்டனின் பெரிய வீடுகளும் இதற்கு விலக்கில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பெயரில் வந்த 'கிளைமாக்ஸ்' என்ற ஆரம்பகால குதிரையில்லாத் துப்பாக்கிகளைச் செய்துகொடுத்தது பர்மிங்ஹாமின் டபிள்யூ. அண்ட் சி. ஸ்காட். ஆகவே ரிப்பில் இருக்கும் பெயரைக் கடைப்பலகை மாதிரி படியுங்கள். அது எங்கே விற்றது என்று சொல்லும். செய்தவர் பெயரும் அதுவாகவே இருந்தால் அது தனி அதிர்ஷ்டம்.

பர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பேட்டையில் ஒரே ஆள் ஒரு துப்பாக்கியைத் தொடங்கி முடிப்பது அபூர்வம். குழலுக்கு ஒருவர், ஆக்ஷன் எனப்படும் நடு உடலை அராவித் தேய்ப்பவர் வேறொருவர், கட்டை செதுக்குபவர் இன்னொருவர், பொறிப்பவர் அடுத்த தெருவில். குதிரையை இயக்கும் பொறியான பூட்டுகள் பெரும்பாலும் வுல்வர்ஹாம்டன் பக்கத்திலிருந்து வந்தன. பிரேசியர், ஸ்டான்டன் என்ற பெயர்கள் பூட்டுத்தகட்டின் உள்பக்கத்தில் முத்திரையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியையே செய்தவர் கிடைத்துவிட்டார் என்று துள்ளுகிறவர்கள் உண்டு. கிடைத்தது பூட்டுக்காரர் மட்டும்தான். 'யார் செய்தது' என்ற கேள்விக்கு அந்தத் தெருக்களில் ஏழெட்டுப் பேர் கை தூக்குவார்கள்.

எனவே துப்பாக்கியைப் படிக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் குழலின் அடிப்பக்கம், அடுத்தது இயந்திர அமைப்பு, பிறகு எண், கடைசியில் பெயர்.

பார்ப்பதற்கு முன் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேல் லீவரைத் தள்ளித் திறந்து இரண்டு அறைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும், நினைவை நம்பக் கூடாது. பிறகு குழலுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றுங்கள். சிலவற்றில் அதன் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும், சிலவற்றில் அடியில் சிறு நெம்பு இருக்கும், இன்னும் பழையவற்றில் பக்கவாட்டில் தட்டி எடுக்கும் ஆப்பு இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு தடயம், பின்னால் வருகிறேன். முன்கட்டை வந்துவிட்டால் குழல்கள் கொக்கியிலிருந்து தூக்கினாலே வந்துவிடும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் அடியைத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், துருநீக்கி அமிலம் மூன்றும் கூடாது. நூறு ஆண்டு தாண்டிய முத்திரையின் ஆழம் மிகக் குறைவு, நாலு இழுப்பில் போய்விடும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கத்திலிருந்து தரையோடு சாய்த்து அடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படியும் தெரியாவிட்டால் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டித் தூளைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். பூட்டுத்தகடுகளை மட்டும் வீட்டில் கழற்ற வேண்டாம். அந்தத் திருகாணிகளின் தலைப்பிளவு மிகக் குறுகலானது. கடையில் வாங்கும் ஆப்பு வடிவ ஸ்க்ரூடிரைவர் முதல் திருகிலேயே அதைச் சிதைத்துவிடும், மதிப்பும் அதோடு போகும்.

இப்போது முத்திரைகள். பிரிட்டனில் விற்கும் எந்தக் குழலும் அதிகமான மருந்து போட்டுச் சுட்டு, வெடிக்காமல் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சோதனையைச் செய்யும் இடம் புரூஃப் ஹவுஸ். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637ல் அரச சாசனம் பெற்றது, அதன் முத்திரை பின்னிப் பிணைந்த ஜி.பி. எழுத்துகளும் வி எழுத்தும், இரண்டும் மகுடத்தோடு. பர்மிங்ஹாமின் புரூஃப் ஹவுஸ் 1813ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அது குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களை எடுத்துக்கொண்டது. மகுடம், செங்கோல்கள், இடையில் பி, பி, சி என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் சோதனை முத்திரை. அதே செங்கோல்களோடு வி இருந்தால் கண்ணால் பார்த்துத் தேறியது என்ற முத்திரை. நீங்கள் கோல்கள் என்று எழுதியவை இந்தச் செங்கோல்கள்தான். இவை 1904 வரை ஓடின. அதற்குப் பிறகு பர்மிங்ஹாமில் செங்கோல் போய், மகுடத்தின் கீழே பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் வந்தன. லண்டன் முத்திரையின் உருவமோ நெடுங்காலம் பெரிதாக மாறவே இல்லை, அதனால் லண்டன் குழலுக்கு அந்த உருவத்தை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது.

வயதைக் காட்டிக்கொடுப்பவை பெரிய முத்திரைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விஷயங்கள். வாய்ப்பக்கம் குறுகும் சோக் குழல் புழக்கத்துக்கு வந்த பிறகு, 1875லிருந்து 1887 வரை 'குண்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நாட் ஃபார் பால் என்று அடித்தார்கள். 1887ல் அதை எடுத்துவிட்டு வெறும் சோக் என்ற சொல்லைப் போட்டார்கள். அதே 1887ல்தான் சாய்சதுரமும் வந்தது. 12ம் சியும் அதற்குள் இருந்தால் 12 போர் (துளை அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) தோட்டா அறை என்று பொருள். சி இருக்கும் இடத்தில் எல்.சி. இருந்தால் நீள அறை. 1896லிருந்து, புகையற்ற மருந்துக்கும் தேறியது என்ற பொருளில், நைட்ரோ புரூஃப் என்ற சொற்களும் அதிகபட்ச ரவை எடையும் அவுன்ஸில் வரத் தொடங்கின. 1904ல் நைட்ரோவுக்குத் தனி முத்திரையே வந்துவிட்டது, என்.பி. என்ற எழுத்துகளோடு. லண்டனில் அதன் மேலே வாள் பிடித்த கை, பர்மிங்ஹாமில் மகுடம். 1925லிருந்து தோட்டா அறையின் நீளத்தையும் அங்குலத்தில் அடித்தார்கள். 1954லிருந்து துளையின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கிலும், அழுத்தம் டன் கணக்கிலும் வந்தன.

தனியாக நிற்கும் அந்த 13 பலரைக் குழப்பும். 12 போர் துப்பாக்கியில் 13 எதற்கு? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் 0.729 அங்குலம். அதுதான் 12 போர். 13 உருண்டையாக வார்த்தால் 0.710. சாய்சதுரத்தில் உள்ள 12 தோட்டா அறையின் அளவு. தனியே உள்ள 13 குழலின் உள்துளை சோதனையின்போது இருந்த அளவு. 0.710 அளவுக்கோல் உள்ளே போயிற்று, 0.729 போகவில்லை என்று அர்த்தம். 1904லிருந்து இந்த இடைவெளி பெரிது என்று நடுவே ஒரு படி சேர்த்தார்கள்: 13க்குக் கீழே கோடு போட்டு 1 என்று இருந்தால் 0.719, 12க்குக் கீழே அப்படி இருந்தால் 0.740. உங்களுடையதில் வெறும் 13 மட்டும்தானா, கீழே கோடும் 1ம் தேய்ந்துபோய் ஒளிந்திருக்கின்றனவா என்று சாய்வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். செங்கோல் முத்திரை இருப்பதால் இருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது கணக்கு நேராக விழுகிறது. செங்கோல் இருப்பதால் பர்மிங்ஹாம், 1904க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. சாய்சதுரம் இருப்பதால் 1887க்கு முந்தியதாக இருக்க முடியாது. நடுவில் 17 ஆண்டு. நைட்ரோ என்ற சொல் இல்லாததால் 1896க்கு முன் என்று இன்னும் சுருக்கலாமா என்றால், கூடாது. அந்தக் காலத்தில் நைட்ரோ சோதனை விருப்பம் உள்ளவர் செய்துகொள்வது. கருமருந்துத் தோட்டாவுக்கு மட்டும் என்று மலிவாக விற்ற துப்பாக்கிகள் 1896க்குப் பிறகும் அது இல்லாமலே வெளியே போயின. இருக்கும் முத்திரை சாட்சி சொல்லும், இல்லாத முத்திரையைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

இதில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். முத்திரை சொல்வது குழல் சோதனைக்குப் போன காலத்தை. துப்பாக்கியின் மற்ற பாகங்கள் அதே வயது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. குழல் தேய்ந்துபோனால் புதுக் குழல் போடுவது சாதாரண விஷயம். விசைக்காப்பில் உள்ள ஐந்து இலக்க எண், குழலின் அடியிலும், குழல் உட்காரும் தட்டையான பரப்பிலும், முன்கட்டையின் இரும்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆக்ஷனில் பழைய முத்திரையும் குழலில் புதிய முத்திரையும் இருந்தால் குழல் மாற்றியிருக்கிறார்கள். ஒரே குழலில் இரண்டு காலத்து முத்திரைகள் சேர்ந்திருந்தால் மறுசோதனைக்குப் போயிருக்கிறது, அப்போது பழையதை வைத்து வயது சொல்ல வேண்டும். ஸ்லீவ்டு என்ற சொல் அடித்திருந்தால் பழைய குழலின் அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாகத்தை வெட்டிப் புது உருளை செருகியது, இது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வேலை. குழல் வாயையும் பாருங்கள். செய்தபடியே இருக்கும் குழல்களில் இரண்டு வாய்களும் ஏறக்குறைய ஒட்டி நிற்கும். நடுவே ஈயப்பற்று வைத்து அடைத்த இடைவெளி தெரிந்தால் யாரோ அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்கள். சோக்கும் அதோடு போயிருக்கும்.

அடுத்த தடயம் இயந்திர அமைப்பு. ஒவ்வொரு அம்சத்துக்கும் அது பிறந்த ஆண்டு உண்டு, துப்பாக்கி அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. உங்கள் குதிரை விழுந்து அடித்ததும் தானே பின்வாங்கிப் பாதி வழியில் நிற்கும் அமைப்பா? அது ரீபவுண்டிங் பூட்டு. ஜான் ஸ்டான்டன் 1867ல் காப்புரிமை எடுத்தது. மேல் லீவர் ஒரு தண்டைத் திருப்பி அடியில் உள்ள தாழ்ப்பாளை இழுக்கும் ஏற்பாடு ஸ்காட்டின் 1865 காப்புரிமை. அந்தத் தாழ்ப்பாள் லண்டன் துப்பாக்கி வீடான பர்டியின் 1863 காப்புரிமை. முன்கட்டை நுனியில் பொத்தான் என்றால் ஆன்சன், 1872. அடியில் நெம்பு என்றால் டீலி அண்ட் எட்ஜ், 1873. குதிரையே வெளியே தெரியாமல் உள்ளே வைத்த பாக்ஸ்லாக் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் ஆன்சனும் டீலியும் சேர்ந்து 1875ல் எடுத்தது. லீவர் மேலே இல்லாமல் விசைக்காப்பின் மேல் படுத்திருந்து பக்கவாட்டில் திரும்பினால் ஹென்றி ஜோன்ஸின் 1859 ஏற்பாடு.

ஆனால் இவை எல்லாம் கீழ் எல்லை மட்டுமே சொல்லும், மேல் எல்லை சொல்லாது. குதிரை வெளியே இருக்கிறது என்பதாலேயே 1875க்கு முந்தியது என்று உங்களிடம் சொன்னவர் செய்த தப்பு அதுதான். குதிரைத் துப்பாக்கி மலிவு, உறுதி, பழுது பார்க்க லேசு. அதனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே குதிரை வைத்த பர்டிகளைத்தான் கடைசிவரை விரும்பிச் சுட்டார். பணத்தட்டுப்பாட்டால் அல்ல.

காப்புரிமையைப் படிப்பதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பிரிட்டனில் 1916க்கு முன் காப்புரிமை எண்கள் ஒவ்வோர் ஆண்டும் 1லிருந்து மறுபடி தொடங்கின. ஆன்சன் அண்ட் டீலியின் எண் 1756, ஆனால் '1875ன் 1756' என்று சொன்னால்தான் அது பொருள்படும். வெறும் 1756 ஒவ்வோர் ஆண்டும் ஒன்று இருக்கும், அது தையல் இயந்திரமாகவும் இருக்கலாம். இரண்டாவது கண்ணி, பேடண்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் காப்புரிமை எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. காப்புரிமைக்காரருக்கு ராயல்டி கட்டியதற்கு அடையாளமாக, இது இத்தனையாவது பயன்பாடு என்று வரிசை எண் அடிப்பார்கள். காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டு. பர்டி தாழ்ப்பாள் 1877ல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அது இருந்தும் பர்டி பெயரோ பயன்பாட்டு எண்ணோ இல்லாவிட்டால் பெரும்பாலும் 1877க்குப் பிறகு. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும், முத்திரைக் கணக்கோடு அது ஒத்துப்போகும்.

குழலின் மேற்பரப்பில் நாகம் சுருண்டதுபோல் வரிவரியாக இருந்தால் அது டமாஸ்கஸ், இரும்பும் எஃகும் சேர்த்த பட்டையை முறுக்கிச் சுற்றி உலையில் ஒட்டியது. வழவழப்பான ஒரே நிறக் கறுப்பு என்றால் எஃகு. இதை வைத்து வயது சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உயர்ந்த வீடுகள் 1880களிலேயே விட்வர்த் எஃகுக்குப் போயின, மலிவுத் துப்பாக்கிகளில் டமாஸ்கஸ் முதல் உலகப்போர் வரை வந்தது. ரிப்பில் விட்வர்த், க்ரூப், லாமினேட்டட் ஸ்டீல் என்ற சொற்களைப் பார்த்துச் செய்தவர் பெயர் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் பலர். அவை குழல் உலோகத்தின் பெயர்கள்.

எண்ணுக்கு வருவோம். துல்லியமான தேதி தருவது ஒன்றே ஒன்றுதான்: அந்த எண்ணுக்கு எதிரே கையால் எழுதிய கம்பெனிப் பேரேடு. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற வீடுகளின் பேரேடுகள் பிழைத்திருக்கின்றன. கட்டணம் கட்டினால் முடித்த ஆண்டு, முதலில் வாங்கியவர், அப்போதைய குழல் நீளம் வரை எழுதித் தருவார்கள். ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கத்தின் துப்பாக்கிப் பதிவுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1871ல் தொடங்கிய அந்தச் சங்கம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்தது, அதனால் இந்தியாவில் கிடைக்கும் துப்பாக்கிகளில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். உங்களுடையதில் உள்ள ஐந்து இலக்க எண் கடைக்காரர் கொடுத்த எண்ணாகவும் இருக்கலாம், செய்தவர் கொடுத்த எண்ணாகவும் இருக்கலாம். செய்தவர் யாரென்று தெரியாமல் அந்த எண்ணை எந்தப் பட்டியலோடும் பொருத்தக் கூடாது. வெப்லியின் பட்டியலில் ஓர் ஆண்டில் விழும் எண் கிரீனரின் பட்டியலில் வேறோர் ஆண்டில் விழும், இரண்டுமே உங்களுடையதாக இல்லாமலும் போகும். குழலின் அடியில் வேறொரு எண் தனியாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தவர் தன் பட்டறைக் கணக்குக்காக மறைவான இடத்தில் அடித்த எண் அதுவாக இருக்க வாய்ப்புண்டு.

செய்தவரைத் தேட மீதி இருப்பவை ஒளிந்திருக்கும் சிறு அடையாளங்கள். குழலடியில், முன்கட்டை மறைக்கும் பகுதியில், இரண்டு அல்லது மூன்று எழுத்துச் சுருக்கம் இருக்கிறதா பாருங்கள், பொதுவாகக் குழல்காரர் அல்லது ஆக்ஷன்காரர். மூடும் இடத்தில் குழலின் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு எப்படி இருக்கிறது? ரிப்பிலிருந்து நீளும் நாக்கில் துளையிட்டுக் குறுக்கே உருண்டைக் கம்பி ஓடினால் கிரீனர் முறை. லீவரில் வெட்டிய திருகு மரை நாக்கை அழுத்திப் பிடித்தால் வெப்லியின் 1882 திருகுப்பிடி. பொம்மைத்தலை போல் உருண்ட நாக்கு என்றால் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் 1862 ஏற்பாடு. காப்புரிமை காலாவதியான பின் இவற்றை யாரும் பின்பற்றலாம் என்பதால் இதுவும் முடிவான சாட்சி இல்லை, ஆள் இருக்கும் தெருவைக் காட்டும். இன்னொன்று, வெப்லி, ஸ்காட் இரண்டும் 1897ல் ஒன்றாகி வெப்லி அண்ட் ஸ்காட் ஆயின. அந்தக் கூட்டுப்பெயர் எங்கேனும் தெரிந்தால் உங்கள் 17 ஆண்டு ஏழாகச் சுருங்கிவிடும்.

கடைப்பெயர் வழியாகவும் சுருக்கலாம். முகவரி எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். மெட்ராஸ் மட்டுமா, மெட்ராஸும் ரங்கூனுமா? இரண்டு ஊர் இருந்தால் ரங்கூன் கிளை தொடங்கிய பிறகு பொறித்தது. 'சன்ஸ்' இருக்கிறதா, இல்லையா என்பதும் அப்படியே. அந்தக் காலத்து மெட்ராஸ் வணிகக் கையேடுகளை ஆண்டு வாரியாகப் புரட்டினால் எந்த ஆண்டிலிருந்து எந்தப் பெயர் வருகிறது என்று தெரியும். லண்டன் பெயர்களுக்கு இந்த வழி இன்னும் கூர்மையாக வேலை செய்யும். பர்டி என்றால் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 314½ என்ற முகவரி 1826லிருந்து, ஆட்லி ஹவுஸ் 1880களிலிருந்து. ஹாலண்ட் என்ற ஒற்றைப் பெயர் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டாக மாறியது 1876ல்.

போலியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், உங்களுடையதில் அந்தச் சந்தேகம் இல்லை என்றாலும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செய்து, ஆங்கிலேயப் பெயர்களைக் கொஞ்சம் திரித்துப் பொறித்த துப்பாக்கிகள் ஏராளம். பர்டியில் ஓர் எழுத்து குறையும், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் வெறும் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் ஆகும், மான்டனுக்கு ஒரு ஜே முன்னால் வரும். ரிப்பைப் பார்த்தால் ஏமாறலாம், அடியைத் திருப்பினால் முடியாது. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் லியேஜ். அதன் மேலே மகுடமும் இருந்தால் 1893க்குப் பிறகு.

கேட்காவிட்டாலும் அடுத்து வரப்போகும் கேள்வி, சுடலாமா என்பது. நைட்ரோ முத்திரை இல்லாத குழல் கருமருந்துக்கு மட்டும் தேறியது. இன்று கடையில் கிடைப்பது புகையற்ற மருந்துத் தோட்டா, அழுத்தம் எழும் விதமே வேறு. தோட்டா அறையும் பெரும்பாலும் 2½ அங்குலம், ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் தடையில்லாமல் நுழையும், அதுதான் ஆபத்து. நீளம் சொல்வது சுட்டு விரிந்த பிறகு உள்ள அளவு, விரியும் வாய் அறைக்கு முன்னே உள்ள குறுகலில் போய் முட்டி அழுத்தத்தை ஏற்றிவிடும். மேலும் துளையை அடிப்பக்கத்திலிருந்து 9 அங்குல ஆழத்தில் அளக்க வேண்டும். 13 என்று முத்திரை உள்ள குழல் இப்போது 0.729 அல்லது அதற்கு மேல் காட்டினால், துருவைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே பெரிதாக்கிவிட்டார்கள். அந்த முத்திரை இனிச் செல்லாது. சுவர் கனமும் பார்க்க வேண்டும், 0.020 அங்குலத்துக்குக் கீழே எந்த இடத்தில் இறங்கினாலும் தொழிலில் உள்ளவர்கள் கை வைக்கத் தயங்குவார்கள். இரண்டையும் வீட்டுக் கருவியால் அளக்க முடியாது. அளக்காதவரை சுவரில் மாட்டி வையுங்கள், சுட வேண்டாம்.

நூறு ஆண்டு தாண்டிவிட்டதே, உரிமம் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். 1899க்கு முந்தியது பழம்பொருள் என்பது அமெரிக்கச் சட்டம், இங்கே பேச்சுக்கே உதவாது. இந்திய ஆயுதச் சட்டம், 1959ன் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்குத் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு. உங்களுடையதில் 12 போர் தோட்டா இன்றும் போகும். ஆகவே அப்பாவின் உரிமம் தொடர வேண்டும், பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போவதும் உரிமம் உள்ளவரே செய்ய வேண்டும்.

அடுத்த முறை எழுதும்போது இவற்றை அனுப்புங்கள்: குழலடியின் இரண்டு பக்கமும் சாய்வெளிச்சத்தில், ஆக்ஷனின் தட்டைப் பரப்பு, முன்கட்டை இரும்பின் உள்பக்கம், ரிப்பின் முழு எழுத்தும் ஒரே படத்தில், குழல் நீளம் அங்குலத்தில். ஐந்து இலக்க எண்ணின் கடைசி இரண்டை மறைத்தே போடுங்கள், உரிமத்தில் உள்ள எண்ணைப் பொதுவெளியில் வைக்க வேண்டியதில்லை.